ஆளுக்குப் பாதி கதவு

“துரோகம் இழைச்சிட்டியேண்ணே! கூடப் பொறந்தவனுக்கே துரோகம் இழைச்சிட்டியே!”

“நான் எங்கடா துரோகத்தை இழைச்சேன்? கதவைத்தானேடா இழைச்சேன்!”

“யாரைக் கேட்டு இழைச்சே?”

“என் பாதியை நான் இழைக்கறதுக்கு யாரைக் கேக்கணும்? மொதல்ல நீ இதுக்குப் பதில் சொல்லு. உன் பொண்டாட்டி காலண்டர் மாட்டறேன்னு அடிச்ச ஆணி இந்தப் பக்கம் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. அதுல பட்டு என் இழைப்புளி அலகு போச்சு. பல்லு விழுந்த கெழவி மாதிரி இருக்கு.”

“காலண்டர் ஆணி கதவைத் தாண்டிக்கிட்டு வருதுன்னா கதவுல மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாரு! செல்லு அரிச்ச மாதிரி அரிச்சுத் தள்ளிட்டு ஆணியைக் குத்தம் சொல்றே!”

அண்ணன் கதவுக்கு இந்தப் பக்கம். தம்பி அந்தப் பக்கம். கதவு மூடியே இருந்தது. முகத்தைப் பார்க்காமல் சண்டை போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லலாம். தெருவில் பாதிப்பேர் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சிரமம் கிடையாது. எங்கள் வீடு நேர் எதிரே.

அண்ணனை எல்லோரும் கட்டிங் மாஸ்டர் என்போம். தையல் கடையில் துணி வெட்டுகிறவர். தம்பி மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற உத்தியோகம், அதனால் மீட்டர். அவர் குனிந்து எட்டிப் பார்க்காத வீடு இந்த வட்டாரத்தில் இல்லை, வீட்டிலும் அதே பழக்கம்தான். மாஸ்டர் மனைவி பெரியவள், மீட்டர் மனைவி சின்னவள். இரண்டு பெண்களும் பேச்சு வார்த்தை நின்று போனவர்கள். ஏன் நின்றது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை.

அவர்கள் அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது தாய்மாமன் வந்து உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். முன்கூடம் அண்ணனுக்கு, பின்கூடம் தம்பிக்கு, இதற்கு நடுவில் இருக்கிற கதவு? நல்ல கெட்டி மரம், இரண்டு விரல் கனம், அந்த வீட்டிலேயே விலை போகக்கூடிய ஒரே பொருள். இரண்டு பேரும் எனக்கு எனக்கு என்றார்கள். மாமாவுக்குக் கடைசி பஸ் போய்விடும் அவசரம். “கதவு ஆளுக்குப் பாதிடா, விடுங்கடா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அகலத்தில் பாதியா, உயரத்தில் பாதியா என்று அவர் சொல்லவில்லை. கனத்தில் பாதி என்று ஒருவருக்குத் தோன்றும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மாஸ்டருக்குத் தோன்றியது. துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் பார்த்தே வயிறு வளர்த்தவர் அல்லவா.

எல்லாம் ஆரம்பித்தது எங்கள் வீட்டு இழைப்புளியில். மழைக்காலத்தில் மாஸ்டர் வீட்டுக் குளியலறைக் கதவு ஊதிப்போய் நிலையில் சிக்கிக்கொண்டது. தச்சரைக் கூப்பிடச் சோம்பல். என் மாமனார் எப்போதோ வாங்கிப் போட்ட பழைய மர இழைப்புளி ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. வந்து கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். இன்றுவரை திருப்பித் தரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் அவர் பட்ட பாட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இழைப்புளி குதித்தது, திக்கியது, மரத்தைப் பிறாண்டிப் பிசிறு பிசிறாகப் பிடுங்கியது. மாஸ்டர் அதன் அம்மாவைத் திட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, கதவைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி தள்ளினார். சர்ர்ர் என்று ஒரே சத்தம். அலகின் வாயிலிருந்து ஒரு சுருள் எழுந்து, அவர் விரலைச் சுற்றிக்கொண்டு, தரையில் விழாமல் அப்படியே நின்றது. மனிதர் அசையவில்லை. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

“நார் ஒரு பக்கமாப் போகுதுங்க,” என்றார் என்னிடம் மறுநாள், ஏதோ புது ஊருக்கு வழி கண்டுபிடித்தவர் மாதிரி. “துணிக்கு இருக்கிற மாதிரியே. அது போற பக்கமாத் தள்ளினா வழி விடுது. எதிரே தள்ளினா கடிக்குது. கையிலேயே தெரியுதுங்க. காதுலேயும் தெரியுது. சத்தம் கரகரன்னா நிறுத்திடணும்.”

அத்தனை வருஷமாகத் துணி வெட்டியவர். வெட்டினால் ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஒரு பொருளிலிருந்து கொஞ்சம் எடுத்தால் மிச்சம் இருப்பது முன்னைவிட அழகாகும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவார், ஆப்பைத் தட்டி அலகை மயிரிழை இறக்குவார், ஒரு முறை தள்ளுவார், உள்ளங்கையால் தடவுவார், கண்ணை மூடிக்கொள்வார். பெரியவளை அவர் அப்படித் தடவிப் பார்த்து எத்தனை வருஷமாயிற்றோ என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் அதட்டி உட்கார வைத்தேன். ஆனால் எனக்கும் அதே சந்தேகம்தான்.

குளியலறைக் கதவு நிலையில் பொருந்தியது. பிறகு ஆடியது. பிறகு மூடவே இல்லை. உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்க வேண்டியதாயிற்று. அடுத்து என்ன இழைப்பது? அலமாரி பிளைவுட். மேஜை மரத்தூளை ஒட்டிச் செய்தது, இழைத்தால் மாவாக உதிர்ந்தது. வீட்டில் கெட்டி மரம் என்று இருந்தது அந்த நடுக்கதவு ஒன்றுதான்.

தன் பக்கத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டு அதில் இறங்கினார். “தாழ்ப்பாளைக் கழட்டிட்டீங்களே, அவங்க பக்கத் தாழ்ப்பாளை நம்பியா இனிமே நாம தூங்கணும்?” என்று பெரியவள் கேட்டாள். “தாழ்ப்பாள் இருந்தா இழைப்புளி எப்படிடி ஓடும்?” என்றார் மனிதர்.

அப்படி மாதக்கணக்காக ஓடித்தான் அந்த ஆணி வரைக்கும் வந்தது.

சண்டைக்கு மறுநாள் மீட்டர் என்ன செய்தார் தெரியுமா? வக்கீலைப் பார்க்கவில்லை, மாமாவைக் கூப்பிடவில்லை. கடைக்குப் போய்ப் புதிதாக இரும்பில் ஒரு இழைப்புளி வாங்கி வந்தார். சின்னவள்தான் ஏற்றிவிட்டது. “அவர் பாதியை அவர் தின்னா, நம்ம பாதியை நாம தின்ன வேண்டியதுதானே? விட்டு வெச்சா அதையும் சேத்து சுரண்டிடுவாரு.” மீட்டர் போனில் வீடியோ பார்த்து, அலகைத் தீட்டி, கோபத்தோடு ஒரு தள்ளு தள்ளினார். இரண்டு தள்ளு தள்ளினார். மூன்றாவதில் கோபம் போய்விட்டது. அவருக்கும் சுருள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் இரண்டு பக்கமும் சர் சர்ரென்று ஒரே சங்கீதம். அண்ணன் நீளமாக இழுத்தால் தம்பியும் நீளமாக இழுத்தார். அண்ணன் நிறுத்தி அலகு தீட்டினால் தம்பியும் நிறுத்திக் காத்திருந்தார். ஒரு நாள் மீட்டர் பக்கம் கரகரவென்று கேட்டது. மாஸ்டர் கதவைத் தட்டி, “டேய், எதிர் நார்ல தள்றே. கீழேயிருந்து மேலே தள்ளு,” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, “சரிண்ணே,” என்று குரல் வந்தது. வீடு பிரிந்த பிறகு இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதுவே கடைசியும்.

நிலையோடு ஒட்டிய ஓரங்களில் இழைப்புளி போகாது. அதனால் கதவு ஓரத்தில் கனமாகவும் நடுவில் மெலிந்தும் போய், தட்டு மாதிரி குழிந்துகொண்டே வந்தது. மெலிய மெலியப் பேச்சு ஊடுருவ ஆரம்பித்தது. முதலில் இருமல் கேட்டது. பிறகு பாத்திரம் கேட்டது. பிறகு இந்தப் பக்கம் பெரியவள் புருஷனிடம் கிசுகிசுப்பதற்கு அந்தப் பக்கம் சின்னவள் தன் புருஷனிடம் பதில் சொன்னாள்.

இப்போது மாஸ்டர் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெண். கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு, “தெளிவாத் தெரியுதா?” என்று கேட்கிற வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது எல்லோரையும் போலத்தான். யாராவது பேசினால் தலையை லேசாகத் திருப்பிச் சாய்த்து வலது காதைக் கொடுப்பாள். தெரியாதவர்களுக்கு அது ஏதோ செல்லம் கொஞ்சுகிற மாதிரி இருக்கும்.

அப்படித் தெரியாத ஒருவன்தான் அதில் விழுந்தான். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற பையன். அம்மாவின் கண்ணாடிக்குக் காது ஒடிந்துபோயிற்று என்று கடைக்கு வந்தவன். பிறகு தன் கண்ணாடிக்குத் திருகு கழன்றது என்று வந்தான். பிறகு எதுவும் கழலாமலே வந்தான். “நீங்க தலையைச் சாய்ச்சுக் கேக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்று அவன் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்திருக்கிறாள். இதற்கு முன்னால் மூன்று இடம் பேசி, காது விஷயம் தெரிந்ததும் மூன்றும் நின்று போனவை. அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் இவன் வெறும் இடம் இல்லை. இவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது, கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

“நானே அவர்கிட்ட சொல்லிடறேம்மா,” என்றாள்.

“வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்,” என்றாள் பெரியவள். “அவங்கம்மா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும். பூரா பேசி முடியட்டும். அப்புறம் ஒரு காது என்னா, ரெண்டு காதையும் பத்தி சொல்லிக்கலாம்.”

பையனின் அம்மாவும் அத்தையும் அவனும் ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று. முதல் நாள் முழுவதும் பெரியவள் ஒத்திகை நடத்தினாள். எந்த நாற்காலியில் பெண் உட்கார வேண்டும், எந்தப் பக்கம் அவர்கள் உட்கார வேண்டும், எப்படி வலது காது அவர்கள் பக்கம் இருக்க வேண்டும். “அவங்க உக்கார்ற வரைக்கும் நீ நின்னுக்கிட்டே இரு. அவங்க எந்திரிச்சா நீயும் எந்திரிச்சுடு. இடது பக்கம் யாரையும் விடாதே.” பெண் பாவம், நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கூடத்தில் இரண்டு பக்கம் இடம் இருந்தது. ஜன்னல் பக்கம் விருந்தாளிகளை உட்கார வைத்தால் அவர்களுக்கு முதுகுப் பக்கம் அந்தக் கதவு வரும், பெண் எதிர்ச்சுவர் ஓரமாக உட்காரலாம். பெரியவள் அப்படித்தான் போடச் சொன்னாள். மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் கண்ணில் கதவு பட வேண்டும் அவருக்கு. “இந்தத் தெருவுல எவன் வீட்டுலடி இப்படி ஒரு கதவு இருக்கு? பார்த்ததும் கேப்பாங்க.” நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார். பெண் கதவோரமாக, இடது தோள் கதவைத் தொடுகிற மாதிரி உட்கார வேண்டியதாயிற்று.

“சரி, அப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கம் சத்தம் கேக்காம ஒரு மெத்தையையாவது கதவுல சாத்தி வைங்க. ஒரு நாளைக்குத்தானே.”

“மெத்தையைச் சாத்தினா தூசி ஒட்டும். நேத்துதான் முடிச்சேன்.”

“உங்க பொண்ணைவிடக் கதவு பெருசா?”

“ஏன்டி எதுக்கும் எதுக்கும் முடிச்சுப் போடறே?” என்றார் மாஸ்டர். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நாற்காலிகள் எங்கள் வீட்டிலிருந்துதான் போயின. நாற்காலியோடு நானும் போனேன். எனக்கே தெரிந்தால் அந்தப் பக்கம் கதவை ஒட்டி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சின்னவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூடமாட ஒத்தாசைக்கு என்று நானும் அங்கே இருந்தேன். அம்மாக்காரி சிரித்த முகம், அதிகம் பேசாதவள். அத்தைக்காரி எல்லாவற்றையும் விலை போட்டுப் பார்க்கிற கண். பையன் இஸ்திரி கலையாமல் விறைப்பாக இருந்தான், பெண்ணைப் பார்த்ததும் தளர்ந்தான். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. மேலே பழைய மின்விசிறி கடகடவென்று தன் பங்குக்குப் பேசிக்கொண்டிருந்தது. பெண் சொல்லிக் கொடுத்தபடி உட்கார்ந்தாள். பையன் அவளுக்கு வலப்பக்கம். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

அந்தப் பக்கத்தில் சர்ரென்று சத்தம் எழுந்தது. மீட்டர் இழைக்கிறார்.

“என்னங்க சத்தம் அது?” என்றாள் அம்மாக்காரி.

“தம்பி,” என்றார் மாஸ்டர் பெருமையாக. “அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததுதான்.”

பையன் பெண்ணிடம் ஏதோ தணிவாகக் கேட்டான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். கடைக்கு வந்த ஒரு பெரியவர், நெற்றியில் ஒரு கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதைக் காணோம் என்று தேடி, இன்னொன்று வாங்கி மூக்கில் மாட்டிக்கொண்டு போன கதை. அவள் நன்றாகச் சொல்வாள், கையெல்லாம் ஆடும். அந்தக் கதை பாதியில் இருக்கும்போதுதான் இழைக்கிற சத்தம் நின்றது. சின்னவள் குரல் வந்தது. கத்தவில்லை. அந்தக் கதவுக்கு யாரும் கத்த வேண்டியதில்லை.

“நிறுத்துங்க, வந்துட்டாங்க போல. பாவம் அந்தப் புள்ள. நேத்து பூரா ஒத்திகை. வலது பக்கம் உக்காரு, வலது பக்கம் உக்காருன்னு. இடது காது சுத்தமா டமாரம்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதாமே?”

“ஏய், மெதுவாப் பேசுடி,” என்றார் மீட்டர்.

“மெதுவாப் பேசினாலும் கேக்கும். உங்கண்ணன்தான் கதவைக் காகிதமா ஆக்கி வெச்சிருக்காரே. இந்நேரம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவ ஒருத்திக்குத்தான் கேட்டிருக்காது.”

எல்லோருக்கும் கேட்டது. அம்மாக்காரியின் டீ கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. பெரியவள் தரையைப் பார்த்தாள். பையன் முகம் வெளுத்துப்போயிற்று. பெண் மட்டும் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். திடீரென்று எல்லோரும் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்களே என்று அவளுக்கு உற்சாகம் கூடிவிட்டது. அந்தப் பெரியவர் மாதிரியே நெற்றியைத் தடவிக் காட்டினாள். முடித்துவிட்டு அவளே சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

அத்தைக்காரி எழுந்தாள். கதவைப் பார்க்கிற மாதிரி பெண்ணின் இடப்பக்கம் போனாள். கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு, பெண்ணின் தோளுக்குப் பின்னாலிருந்து, தணிந்த குரலில், “இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமாம்மா?” என்று கேட்டாள்.

பெண் திரும்பவில்லை. பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“டீ குடிக்கணும்மா,” என்றாள் அத்தைக்காரி இன்னொரு தடவை, அம்மாக்காரியைப் பார்த்துக்கொண்டே.

பெண் பிஸ்கட் தட்டை அம்மாக்காரி பக்கம் நகர்த்தினாள். அந்த நேரத்தில் மாஸ்டர் பேசினார் பாருங்கள். அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது, முகம் சாம்பலாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தைக்காரியின் கை கதவின் மேல் இருப்பதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“நல்லாத் தடவிப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“இருக்குங்க,” என்றாள் அத்தைக்காரி. “அந்தப் பக்கம் அப்படியே தெரியுது.”

சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். வாசல் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு வந்த பெண், “நல்லாப் பேசினாங்க இல்லம்மா? அந்த அத்தை கொஞ்சம் உம்முன்னு இருக்காங்க, ஆனா அம்மா நல்லவங்க,” என்றாள். பெரியவள் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் நாற்காலிகளை எண்ணாமலே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான் சொல்லித்தான் தெரிந்தது என்று சிலர் சொல்வார்கள். சின்னவள் வாய் இருக்கும்போது என் வாய்க்கு என்ன வேலை? சின்னவள் வேண்டுமென்றே பேசினாளா, வாய் தவறிப் பேசினாளா என்று குழாயடியில் இரண்டு கட்சி. வெங்காயம் உரித்தது வேண்டுமென்றே என்பது என் கட்சி. யார் எந்தக் கட்சியாக இருந்தாலும் பெண் தெருவில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவோம். பிறகுதான் நிறுத்தத் தேவையில்லை என்று சிலர் கண்டுபிடித்தார்கள். அவளுக்கு இடப்பக்கமாக நின்றுகொண்டால் போதும்.

சொல்லி அனுப்பவில்லை. பையன் கடைப்பக்கம் வரவில்லை. அவள் நாளும் வாசல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். ரொம்ப நாள் கழித்து வந்தான், அம்மாவின் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போக. அவளுக்கு வலப்பக்கமாக வந்து நின்றானாம். இதுவரைக்கும் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்தே நிற்காதவன், அன்றைக்குப் பார்த்து நின்றிருக்கிறான். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீயாவது சொல்லியிருக்கலாம்,” என்றானாம். “எங்கத்தை உன் பின்னாடி நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நீ சிரிச்சுக்கிட்டே இருந்தே. என்னால அதைப் பார்க்க முடியலே.” கதவுக்குப் பின்னால் கேட்டது முழுவதையும் சொல்லியிருக்கிறான். பிறகு கண்ணாடிக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறான்.

அன்றைக்கு நான் மாஸ்டர் வீட்டில்தான் இருந்தேன். இழைப்புளியைத் திருப்பிக் கேட்கலாம் என்று போயிருந்தேன். மாஸ்டர் கதவு முன்னால் நின்று இழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெரியவள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அதனால் அவருக்கு இழைக்க நிறைய நேரம் கிடைத்தது. இப்போதெல்லாம் சுருள் வருவதில்லை, அலகை அந்த அளவுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். தூசி மாதிரி ஏதோ பறந்தது. அந்தப் பக்கம் விளக்கு போட்டால் வெளிச்சம் கதவின் நடுவில் செம்மஞ்சளாகத் தெரிந்தது.

பெண் செருப்போடு உள்ளே வந்தாள்.

“அப்பா.”

“இரும்மா, இந்த ஒரு இழுப்பு.”

“அப்பா, அன்னைக்கு சித்தி என்ன சொன்னாங்க?”

அவர் கை நிற்கவில்லை. “எல்லாம் பழைய கதை. விடு.”

“நீங்க கேட்டீங்களா?”

சர்.

“எல்லாரும் கேட்டீங்க. எதிர்வீட்டு அக்கா, நீங்களும்தானே?”

எனக்கு அந்த நேரத்தில் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

பெண் அப்பாவின் கையிலிருந்து இழைப்புளியை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். இத்தனை மாதமாகப் பார்த்திருக்கிறாள் இல்லையா, ஆப்பில் ஒரு தட்டு, அலகின் தலையில் இரண்டு தட்டு, அலகு நகம் அளவு வெளியே வந்துவிட்டது. மாஸ்டர், “அம்மாடி, அவ்வளவு கூடாது,” என்றார். அவள் மேலேயிருந்து கீழே, முழு பலத்தோடு ஒரே தள்ளு. கிழிந்தது. மரம் கிழிவது துணி கிழிகிற மாதிரியே கேட்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கதவின் நடுவில் கையகல ஓட்டை. அந்தப் பக்கம் சின்னவள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

பெண் இழைப்புளியைக் கீழே வைத்தாள். குனிந்து தலையைத் திருப்பி, வலது காதை ஓட்டையில் பொருத்தினாள்.

“சித்தி, அன்னைக்குச் சொன்னதை இந்தக் காதுல சொல்லுங்க.”

“என்னடி இது கூத்து? நான் சாதாரணமாத்தான் என் வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்.”

“அதே மாதிரி சாதாரணமாச் சொல்லுங்க.”

“போடி. வேலையைப் பாரு.”

“எல்லாரும் கேட்டுட்டாங்க சித்தி. எனக்கு மட்டும் பாக்கி.”

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளேயாவது போயிருப்பாள். சின்னவள் ஒரு வாய் மென்று முழுங்கினாள். பிறகு சொன்னாள். ஒத்திகையிலிருந்து ஆரம்பித்து, டமாரம் வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல். அவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருந்தாள் என்றால் வாய் தவறி வந்ததா என்ன? “அவ ஒருத்திக்குத்தான் கேட்டிருக்காது” என்று முடித்துவிட்டு, “போதுமா?” என்றாள்.

“போதும் சித்தி.”

பெண் நிமிர்ந்தாள். கண் காய்ந்திருந்தது. காதோரத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று நின்றாள். நானும்தான் எதிர்பார்த்தேன்.

மாஸ்டர் கிட்டே வந்தார். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். பிசிறு அவர் விரலில் குத்தியது.

“எதிர் நார்ல தள்ளிட்டியேம்மா,” என்றார்.

அவள் அப்பாவிடம் அதன் பிறகு பேசியதை நான் கேட்டதில்லை. நான் கேட்கவில்லை என்றால் பேசவில்லை என்று அர்த்தம்.

மாதம் முடிவதற்குள் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். லேப் பையனுக்கு அந்த வருஷமே கல்யாணம். வந்த மருமகளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், அத்தைக்காரியே பக்கத்தில் நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஆனால் மாமியார் சொல்வது எதுவும் அந்தக் காதுகளில் ஏறுவதில்லை என்று கேள்வி. ஓட்டைக் கதவோடு வீட்டை ஒரு போன் கடைக்காரர் வாங்கினார். வந்ததும் கதவைப் பெயர்த்து வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிட்டு அங்கே செங்கல் வைத்துக் கட்டிவிட்டார். மீட்டரும் சின்னவளும் அடுக்குமாடிக்குப் போனார்கள். சுவரெல்லாம் காங்கிரீட். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, ஜெயிலில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று சின்னவள் என்னிடம் போனில் அழுதாள்.

மாஸ்டரும் பெரியவளும் போன வாடகை வீட்டில் வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் எல்லாம் தகரக் கதவு. பெரியவளே தேடிப் பிடித்த வீடு. எங்கள் இழைப்புளி அங்கே அலமாரி மேல் இருக்கிறது, போனபோது பார்த்தேன், கேட்க வாய் வரவில்லை.

மாஸ்டர் மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிற்று. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முதல் நாளே காதைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். “ஓட்டறவனுக்கு இடது பக்கம்தானே நீ உக்காரப் போறே, அப்ப வலது காது என் பக்கம்தானே,” என்றாராம் அந்த மனிதர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு ஹோட்டலில் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தாள். நீள மேஜை. புருஷனையும் அம்மாவையும் வலப்பக்கம் உட்கார வைத்தாள். மாஸ்டர் தயங்கிக்கொண்டு நின்றார். அவள் எழுந்து போய், அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, தன் இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சாப்பாடு முடிகிற வரைக்கும் அவர் அவளிடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.